கதை அல்லாத முதல் புத்தகத்தை எழுதத் தொடங்குபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சிய மனிதர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். அதுதான் என் முதல் புத்தகம். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதியதால் நான்கு ஆண்டுகள் ஆயின. அது வெளிவந்த நாளிலிருந்து, தாங்களும் எழுத நினைப்பவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இவை. ஊர் வரலாறு, ஒரு தொழில், ஒரு திருவிழா, ஒரு பள்ளிக்கூடம், ஓர் ஆறு என்று எதைப் பற்றி எழுத நினைத்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நான் எழுத்தாளர் இல்லை. புத்தகம் எழுதலாமா?

எழுதலாம். நீங்கள்தான் எழுத வேண்டும். நாற்பது வருஷம் தறி ஓட்டியவருக்கும், லேத் பட்டறை வைத்திருப்பவருக்கும், பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவருக்கும் தெரிந்த விஷயங்கள் நூலகத்தில் இல்லை. நீர்ப்பாய்ச்சிகளைப் பற்றி நான் தேடியபோது ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு பத்தி, இரண்டு பத்தி என்றுதான் கைக்குக் கிடைத்தது. ஊரில் எழுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அதைவிட நான்கு மடங்கு சொன்னார்கள். எழுத்து நடை எழுத எழுத வந்துவிடும். விஷயம் தெரிந்தவர் போய்விட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது.

தலைப்பு வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ஒரு வரியும் வரவில்லையே?

தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வராது. ‘எங்கள் ஊர்க் கண்மாய்கள்’ என்று ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி எட்டு மாதம் வைத்திருந்தேன். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் உண்டு. பாண்டியர் காலத்திலிருந்து சொல்வதா, ஜமீன் காலத்தைச் சொல்வதா, இன்றைய ஆக்கிரமிப்பைச் சொல்வதா? எந்தப் பக்கம் போனாலும் கரை தெரியவில்லை.

ஒரு நாள் டீக்கடையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் பேச்சோடு பேச்சாக, “முன்னெல்லாம் நீர்ப்பாய்ச்சிக்குக் களத்துல நெல்லு அளந்துட்டுத்தான் வீட்டுக்கு மூட்டை போகும்” என்றார். இப்போது யாரும் அளப்பதில்லை. அது எப்போது நின்றது? ஏன் நின்றது? நின்ற பிறகு மடையை யார் திறந்தார்கள்? அன்று ராத்திரியே இரண்டு பக்கம் எழுதினேன். என் புத்தகம் முழுவதும் அந்த மூன்று கேள்விக்குப் பதில்தான்.

அதனால் உங்கள் பொருளைக் கேள்வியாக மாற்றிவிடுங்கள். ‘சிவகாசித் தீப்பெட்டித் தொழில்’ என்பது பொருள். ‘தீப்பெட்டி எந்திரத்துக்கு மாறியபோது, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குச்சி அடைத்த பெண்கள் அடுத்து என்ன வேலைக்குப் போனார்கள்?’ என்பது கேள்வி. ‘எங்கள் பள்ளியின் நூறு ஆண்டு’ என்பது பொருள். ‘எங்கள் பள்ளியில் முதலில் சேர்ந்த பெண்பிள்ளைகள் யார், அவர்களை யார் கூட்டிவந்து சேர்த்தார்கள்?’ என்பது கேள்வி. பொருள் இருந்தால் எதையும் எழுதலாம் போலத் தோன்றும், எதையும் எழுத முடியாது. கேள்வி இருந்தால் நாளைக் காலையில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இதைப் பற்றி ஏற்கெனவே புத்தகம் வந்திருந்தால்?

வாங்கிப் படியுங்கள். அவர் விட்ட இடம் எது என்று பாருங்கள். ஒரே கண்மாயைப் பற்றிப் பொறியாளர் எழுதுவது ஒன்று, கடைமடை விவசாயி எழுதுவது வேறொன்று.

முதலில் படிப்பதா, ஆட்களைப் போய்ப் பார்ப்பதா?

ஆட்களை. ஆவணம் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும். எண்பத்தைந்து வயதுப் பெரியவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஒன்றும் படிக்காமல் போனாலும் அவர் சொல்வது புரியாது என்பதால், ஒரு வாரம் மேலோட்டமாகப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். ஆறு மாதம் நூலகத்தில் இருந்துவிட்டு, இவரை அப்புறம் பார்க்கலாம் என்று பட்டியலின் கடைசியில் வைத்திருந்த ஒருவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அந்த அத்தியாயத்தை அவர் மகன் சொன்னதைக் கொண்டு எழுதினேன். அதில் பாதிக்கு மேல் ‘அப்பா சொல்லுவாரு’ என்றுதான் இருக்கிறது.

பெரியவர்களிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்களே?

பெரிய கேள்வி கேட்டால் சின்னப் பதில்தான் வரும். நான் முதலில் பார்த்த நீர்ப்பாய்ச்சி ஐயாவிடம், “அந்தக் காலத்துல நீர் நிர்வாகம் எப்படி இருந்துச்சுங்கய்யா?” என்று கேட்டேன். “நல்லாத்தான் இருந்துச்சு தம்பி” என்றார். வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டார். அதோடு சரி. எனக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில், “மடையை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?” என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். “வாங்க” என்று கண்மாய்க் கரைக்குக் கூட்டிப் போனார். கல்தூண் இரண்டுக்கும் நடுவே மடைக்கம்பு நின்ற இடத்தைக் காட்டி, உள்ளங்கையை விரித்துச் சாண் வைத்தார். “இவ்வளவு தூக்குனா விடியறதுக்குள்ள மேல வயக்காடு நனைஞ்சிரும். முழுசாத் தூக்குனா வாய்க்கா ஒடஞ்சிரும். கடமடைக்காரன் அருவாளோட வந்துருவான்.” அப்புறம் மூன்று மணி நேரம் பேசினார். கண்மாய் பெருகிக் கிடக்கும்போது மூழ்கிப் போய் அடைப்பைக் காலால் தடவிக் கண்டுபிடிப்பது, மிகுதி நீர் வழியும் கலுங்கு மறுகால் போகும் சத்தத்தைப் படுத்த இடத்திலிருந்தே கேட்டுத் தண்ணீர் மட்டத்தைக் கணிப்பது என்று நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்காத விஷயங்கள்.

கைக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், சாப்பாடு யார் கொண்டுவருவார்கள், கூலியை எந்தப் படியில் அளந்தார்கள், அந்தக் கருவியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று. முடிந்தால் வேலை நடந்த இடத்துக்கே கூட்டிப் போகச் சொல்லுங்கள். வீட்டுத் திண்ணையில் நினைவுக்கு வராதது கரையில் நின்றால் வரும்.

இன்னொன்று. வீட்டுப் பெண்களைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள். ஐயா பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அப்பத்தா, “நெல்லு அளந்து வாங்குனது அவரா? நாந்தானே பெட்டியத் தூக்கிக்கிட்டுக் களம் களமாப் போனேன்” என்றார். எந்த வீட்டில் எத்தனை மரக்கால், யார் பதரைச் சேர்த்து அளந்தார்கள், எல்லாம் அவர் விரல் நுனியில் இருந்தது. அளந்த கணக்கு முழுவதும் எனக்கு அவரிடமிருந்துதான் கிடைத்தது.

வருஷம் கேட்டால் ‘ரொம்ப நாளாச்சு’ என்கிறார்கள். காலத்தை எப்படி நிர்ணயிப்பது?

வருஷத்தைக் கேட்காதீர்கள், பக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். தனுஷ்கோடியைப் புயல் அடித்ததற்கு முன்னாலா, பின்னாலா? அது 1964 டிசம்பர். மிசா காலமா? 1975-77. எம்.ஜி.ஆர். இறந்ததற்கு அப்புறமா? 1987 டிசம்பர். இப்படி இரண்டு பக்கமும் வேலி போட்டுவிட்டால் நடுவில் ஐந்தாறு வருஷம்தான் மிஞ்சும்.

அதற்குள் நுழைய வீட்டுக் கணக்கு உதவும். நெல் வருவது எப்போது நின்றது என்று அப்பத்தாவைக் கேட்டபோது, “மூத்தவ கல்யாணத்துக்கு மறுவருசம்” என்றார். கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியின் அடியில், பட்டுச் சேலைக்குக் கீழே, மஞ்சள் தடவிய மூலை பழுப்பேறிப் போய் ஒன்று இருந்தது. 1983 ஆவணி. ஆக, அந்த ஊரில் நெல் நின்றது 1984. நான்கு ஆண்டு உழைப்பில் என் கை நடுங்கியது அந்த ஒரு நேரம்தான்.

செல்போனில் பதிவு செய்யலாமா?

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எதற்காகப் பதிவு செய்கிறீர்கள், புத்தகத்தில் அவர் பெயர் வரலாமா என்பதை முதலிலேயே சொல்லி, அவர் சம்மதத்தையும் அதே பதிவில் வாங்கிவையுங்கள். அன்று இரவே இன்னோர் இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். பேருந்து ஏறும்போது போன் தண்ணீரில் விழுந்து எனக்கு ஒரு நாள் பேச்சு முழுவதும் போனது. திரும்பப் போய்க் கேட்டபோது அவர் சொன்னார், ஆனால் சுருக்கமாகச் சொன்னார். ஒரே கதையை அதே ஆளிடம் அதே ருசியோடு யாரும் இரண்டு தடவை சொல்வதில்லை.

பதிவு இருக்கிறதே என்று நோட்டை மூடிவிடவும் கூடாது. அவர் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார், எதைச் சொல்லும்போது எழுந்து நின்றார் என்பதைப் போன் பிடிக்காது.

ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

ஊரிலேயே தொடங்குங்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேடு (நிலப் பதிவேடு), அடங்கல் (பயிர்க் கணக்கு), கிராம வரைபடம். சிவகங்கை மாதிரி ஜமீன் பகுதிகளில் 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மென்ட் கணக்குகள் ஒரு பொக்கிஷம். நீர்ப்பாய்ச்சி, தச்சர், கொல்லர் என்று ஊர் ஊழியம் செய்தவர்களுக்கு இருந்த மானியங்கள் 1963-ஆம் ஆண்டு சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தின் பிறகு என்ன ஆயின என்ற கேள்வி என் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம். அதற்கான முதல் துப்பு தாலுகா அலுவலகக் கட்டு ஒன்றில்தான் அகப்பட்டது.

அலுவலகத்தில் நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘கண்மாய் பற்றிய எல்லா விவரமும்’ என்று கேட்டால் ஒன்றும் வராது. இந்தச் சர்வே எண், இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை, இந்தப் பதிவேட்டின் நகல் என்று கேளுங்கள். எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதும் முக்கியம். கண்மாயை எடுத்துக்கொண்டால், 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலப்பரப்பு) உள்ளது நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். இது தெரியாமல் நான் மூன்று மாதம் தவறான மேசைக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

அச்சில் வந்தவற்றில் பலரும் மறந்துபோகும் ஒன்று, 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தேர்ந்தெடுத்த கிராமங்களைப் பற்றி வெளியிட்ட தனித்தனி ஆய்வு நூல்கள். வீடு, உணவு, கடன், கூலி, திருவிழா எல்லாம் அதில் இருக்கும். உங்கள் ஊர் இல்லாவிட்டாலும் பக்கத்து வட்டாரத்து ஊர் இருந்தால் ஒப்பிட உதவும். பிரிட்டிஷ் கால மாவட்ட கெசட்டியர்களையும் (மாவட்ட விவரத் தொகுப்புகள்) பாருங்கள். மதுரைக்கும் தஞ்சைக்கும் 1906-இலும், திருநெல்வேலிக்கு 1917-இலும் வந்தவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை வரி வாங்க வந்தவர்கள் பார்த்த பார்வை. குடிமராமத்து என்று கண்மாயைப் பராமரிக்க ஊர் கூடிச் செய்த வேலையை 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் என்று எழுதிவைத்தவர்கள் அவர்கள் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

சென்னைக்கு வர முடிந்தால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் பழைய புத்தகமும் பத்திரிகையும் நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும் சேர்த்துவைத்ததுதான் ரோஜா முத்தையா நூலகமாக வளர்ந்தது. வர முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உண்டு. இலங்கைத் தமிழர் பற்றி எழுதுபவர்கள் 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ எண்ணிமத் தொகுப்பைப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதக் கூடாது.

குறிப்புகளை எப்படி வைத்துக்கொள்வது?

ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் நான்கு விஷயம் எழுதுங்கள்: யார், எங்கே, எந்தத் தேதி, அவர் நேரில் பார்த்ததா அல்லது கேள்விப்பட்டதா. கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு வருஷம் கழித்து நோட்டைப் புரட்டும்போது, ‘கரை உடைந்தபோது இரண்டு மாடு அடித்துக்கொண்டு போனது’ என்று மட்டும் எழுதியிருந்தால், அதைச் சொன்னவர் கரையில் நின்றாரா, அவர் தாத்தா நின்றாரா என்று தெரியாது. அப்புறம் அந்த வரியைப் பயன்படுத்தவே முடியாது.

புத்தகத்திலிருந்து எடுத்த வரி என்றால் பக்க எண்ணோடு எழுதுங்கள். நோட்டா, கணினியா, அட்டையா என்பது அவரவர் வசதி.

எவ்வளவு பெரிய புத்தகமாக இருக்க வேண்டும்?

டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 முதல் 250 தமிழ்ச் சொற்கள் பிடிக்கும். 35,000 சொற்கள் எழுதினால் 160 பக்கம் வரும். அச்சகக் கணக்கில் 16 பக்கம் ஒரு ஃபாரம், ஆக 10 ஃபாரம். முதல் புத்தகத்துக்கு அது போதும். கையில் இருக்கும் குறிப்பெல்லாம் உள்ளே போக வேண்டும் என்று நினைத்தால் 400 பக்கம் ஆகும், விலை ஏறும், நீங்களும் பாதியில் நிறுத்திவிடுவீர்கள்.

முதல் அத்தியாயத்திலிருந்துதான் எழுத வேண்டுமா?

வேண்டாம். உங்களுக்கு எது நன்றாகத் தெரியுமோ, எதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களோ, அதை முதலில் எழுதுங்கள். தகவல் முழுக்கச் சேர்ந்த பிறகு எழுதலாம் என்றும் காத்திருக்க வேண்டாம். எழுதிப் பார்த்தால்தான் எது இல்லை என்று தெரியும். கல்யாணப் பத்திரிகை அத்தியாயத்தை, ஆட்களைப் பார்க்கத் தொடங்கிய மூன்றாவது மாதமே எழுதினேன். எழுதும்போதுதான் மரக்கால் என்றால் அந்த ஊரில் எத்தனை படி என்று கேட்காமல் வந்தது உறைத்தது. மறுபடி போனேன்.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். என் முதல் வரைவு ஒரு குறளில் தொடங்கி, சங்க காலம், கரிகாலன், கல்லணை என்று பத்துப் பக்கம் ஓடியது. படித்த நண்பர் பதினோராம் பக்கத்தில் விரலை வைத்து, “புத்தகம் இங்கேதான் ஆரம்பிக்குது” என்றார். அந்தப் பக்கத்தின் முதல் வரி, ‘மடைக்கம்பை ஒரு சாண் தூக்க வேண்டும்’ என்று இருந்தது. முன்னால் இருந்த பத்துப் பக்கத்தையும் எடுத்துவிட்டேன். எடுக்கும்போது வயிறு எரிந்தது உண்மை, ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

வேலை, குடும்பம் எல்லாம் இருக்கிறது. நேரத்துக்கு எங்கே போவது?

உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றை 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். எண்பத்தைந்து வயதை ஒட்டித் தொடங்கியவர், கடைசி வரை எழுதினார். வாரம் ஒரு முறை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அத்தனை பெரிய நூலைத் தமிழுக்குத் தந்தது. நமக்குப் பத்திரிகை இல்லை. ஆனால் ஞாயிறு காலை ஐந்து முதல் எட்டு வரை என்று ஒரு வேளையைக் குறித்துக்கொள்ளலாம். ‘இந்த வாரம் எவ்வளவு ஆச்சு?’ என்று கேட்பதற்கு ஓர் ஆளையும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு என் மனைவி கேட்டார். வாரம் 400 சொல் எழுதினாலும் 35,000 சொல் இரண்டு ஆண்டுக்குள் முடிந்துவிடும்.

எந்தத் தமிழில் எழுதுவது?

நீங்கள் ஒரு நல்ல ஆசிரியருக்குக் கடிதம் எழுதினால் எந்தத் தமிழில் எழுதுவீர்களோ அதில். ‘நீர் மேலாண்மைக் கட்டமைப்பு’ என்று எழுதத் தோன்றும் இடத்தில் எல்லாம் மடை, கலுங்கு, வரத்துக்கால், உள்வாய் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வட்டாரச் சொல்லை முதல் முறை வரும்போது வாக்கியத்துக்குள்ளேயே விளங்கவைத்துவிட்டால் போதும். பேசியவர்களின் மொழியைத் திருத்தாதீர்கள். ‘வந்தீகளா’ என்று கேட்டவரை ‘வந்தீர்களா’ என்று கேட்கவைத்தால் அவர் புத்தகத்திலிருந்து எழுந்து போய்விடுகிறார்.

எதில் தட்டச்சு செய்வது?

யூனிகோடில். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால் பின்னால் மாற்றும்போது எழுத்து உடையும். போனில் குரல்வழித் தட்டச்சும் வரைவுக்கு நன்றாக உதவும். ணகர னகரம், ஒற்றுப்பிழை எல்லாவற்றையும் அப்புறம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதலாமா?

எழுத்துப்பிழை பார்க்க, ஆங்கில ஆவணத்தின் சாரம் புரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள். தகவலுக்கு நம்ப வேண்டாம். உங்கள் ஊர் மூன்றாம் மடைக்கு என்ன பெயர் என்று அதற்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் ஒரு பெயரைச் சொல்லிவிடக்கூடும்.

சாதி, சண்டை, வழக்கு என்று சங்கடமான விஷயங்கள் வந்தால்?

வரும். மடையை யார் திறந்தார்கள் என்று கேட்டாலே சாதி வந்துவிடும். கழுத்தளவு தண்ணீரில் இறங்கியவர்களில் பலர், அதே தண்ணீர் பாய்ந்த வயலில் தமக்கென்று ஒரு செண்ட் இல்லாதவர்கள். அதை ஒதுக்கிவிட்டு எழுதினால் அது பொய்ப் புத்தகம். எழுதுங்கள். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவர் மீது குற்றம் சொல்வதாக இருந்தால் கையில் ஆவணம் இருக்க வேண்டும், அவர் தரப்பையும் கேட்டிருக்க வேண்டும். நம்பிச் சொன்னவருக்கு ஊரில் தொந்தரவு வரும் என்றால் பெயரை மாற்றுங்கள், மாற்றியிருக்கிறேன் என்று புத்தகத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு அம்மா என்னிடம் அழுதுகொண்டே சொன்ன விஷயம் ஒன்று உண்டு. மறுநாள் போனில் கூப்பிட்டு, “அது வேண்டாம்யா” என்றார். அது என் புத்தகத்தில் இல்லை.

பிறர் எழுதியதையும் படங்களையும் எடுத்துப் போடலாமா?

சில வரிகளை, யார் எழுதியது என்று சொல்லி, உங்கள் வாதத்துக்குத் தேவையான அளவு எடுத்தாளலாம். பக்கம் பக்கமாக எடுக்க அனுமதி வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்துகளுக்கு அந்தத் தடை இல்லை. வீட்டு ஆல்பத்துப் படம் என்றால் அந்த வீட்டாரிடம் எழுதி வாங்குங்கள். படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு அசலை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பதிப்பகத்தை எப்போது அணுகுவது? பணம் கேட்டால்?

இரண்டு மூன்று அத்தியாயம் முழுமையாக எழுதி, மற்றவற்றுக்கு அரைப்பக்கச் சுருக்கம் எழுதிய பிறகு அணுகலாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதிப்பகங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பொங்கல் கழித்துக் கொடுத்தால் நிதானமாகப் படிப்பார்கள். இதே மாதிரியான புத்தகங்களை யார் போடுகிறார்கள் என்று உங்கள் அலமாரியிலேயே பாருங்கள்.

பணம் கேட்பவர்கள் உண்டு. ஒரு பதிப்பகம் என்னிடம் கையெழுத்துப் பிரதியைப் படிக்காமலே தொகை சொன்னது. எடிட்டிங் யார் செய்வார்கள் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். சொந்தக் காசில் போடுவது தவறே இல்லை. ஆனால் அப்போது எத்தனை பிரதி, யார் மெய்ப்புப் பார்ப்பது, விற்றால் யாருக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்துவிட்டதால் ஆயிரம் பிரதி அடித்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்க வேண்டியதில்லை. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம், அதற்கென்று கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிப்பகம் போடுகிறது என்றால் ராயல்டி பத்து சதவீதத்தை ஒட்டி இருப்பது வழக்கம்.

அச்சுக்குப் போகும் முன் யாரிடம் காட்டுவது?

விஷயம் தெரியாத ஒருவரிடம், விஷயம் தெரிந்த ஒருவரிடம், பிறகு பேசியவர்களிடம். மூன்றாவதுதான் முக்கியம். நீர்ப்பாய்ச்சி ஐயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு சாயங்காலம் அவர் பேத்தி, பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, வாசல் படியில் உட்கார்ந்து அவர் அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஓர் இடத்தில் கையை உயர்த்தினார். “நிறுத்தாத்தா. பள்ளமடை தெக்க இல்ல, தென்கிழக்க. தெக்க இருக்கது சின்னமடை.” நானே அளந்து வரைந்த வரைபடத்தில் இரண்டும் இடம் மாறியிருந்தன. பென்சிலால் திருத்திக்கொண்டேன். அந்தப் பிள்ளை அடுத்த வரியிலிருந்து தொடர்ந்தாள்.

புத்தகம் வந்ததும் பிரதிகளை யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டும்?

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிடுபவர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாராவுக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். பதிப்பகம் அனுப்பியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு இரண்டு, பள்ளிக்கு ஒன்று. உங்களிடம் பேசிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒன்று, அதைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் பெயர் வரும் பக்கத்தில் ஒரு தாளை மடித்து வைத்துக் கொடுத்தால் வீட்டுப் பிள்ளைகள் தேட வேண்டியிருக்காது.